ஒரு பதக்கு உப்பும் ஏழு அணைக்கட்டும்

தமிழ்த் தட்டச்சு கற்றுத்தர நானே ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறேன். தட்டச்சு கற்றுத்தருவதாகச் சொல்லும் மற்ற விளையாட்டுகளை வரிசையாகப் போட்டு ஆடிப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். வானத்திலிருந்து சொல் விழும், தரையைத் தொடுவதற்குள் அடிக்க வேண்டும். இல்லையென்றால் பந்தயக் கார் நிற்கும், அடிக்க அடிக்க ஓடும். அந்தச் சொல் ‘மாம்பழம்’ ஆக இருந்தாலும் ‘மாவட்ட ஆட்சியர்’ ஆக இருந்தாலும் காருக்கு ஒன்றுதான். செகா நிறுவனம் 1999-ல் ‘தி டைப்பிங் ஆஃப் தி டெட்’ என்று ஒன்று கொண்டுவந்தது. பிணங்கள் எழுந்து வரும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொல் தொங்கும், அடித்தால் இரண்டாம் முறையாகச் செத்துப்போகும். நாயகர்கள் முதுகில் விளையாட்டுக் கருவியையும் முன்னால் கீபோர்டையும் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். சிரித்து மாளாது. அதிலும் சொல்லுக்கும் பிணத்துக்கும் உறவு கிடையாது.

உறவு இருந்த ஒன்று அதற்கு வெகுகாலம் முந்தியது. அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரத்தில் 1971-ல் டான் ராவிட்ச் என்கிற பயிற்சி ஆசிரியர், கூட இருந்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, வரலாற்று வகுப்புக்காக ‘ஓரிகன் டிரெயில்’ என்ற விளையாட்டைச் செய்தார். மாட்டு வண்டியில் மேற்கே குடிபெயர்ந்து போனவர்களின் பயணம். திரைகூட இல்லை. தொலைதட்டச்சுக் கருவியில் காகிதத்தில் வரி வரியாக அச்சாகி வரும். வழியில் வேட்டையாட வேண்டுமென்றால் ‘பேங்’ என்ற சொல்லைப் பிழையில்லாமல், விரைவாக அடிக்க வேண்டும். தாமதமானால் மான் ஓடிவிடும், அன்றைக்குச் சாப்பாடு இல்லை. அங்கே சொல்தான் துப்பாக்கி. பிறகு 1974-ல் ராவிட்ச் பழைய பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, எந்த ஆபத்து எவ்வளவு அடிக்கடி வந்தது என்று கணக்கெடுத்து விளையாட்டைத் திருத்தினார்.

பயணம் என்பது வெறும் படமாகப் பின்னால் ஓடினால் போதாது, விரலுக்குள் வர வேண்டும் என்று எனக்குப் புரிந்தது இதைப் படித்தபோதுதான். அப்படியென்றால் எந்தப் பயணம்? திருநெல்வேலிக்காரனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் வேறென்ன பதில் வரும்? ஆறுதான். பொதிகையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலில் விழுகிற தாமிரபரணி.

ஆனால் ஆற்றோடு போனால் விளையாட்டு கெட்டுவிடும். எந்த ஆறும் மலையில் வெறிகொண்டு பாயும், சமவெளியில் பைய நடக்கும். கற்றுக்கொள்கிறவன் கதை நேரெதிர்: தொடக்கத்தில் தடவித் தடவித்தான் அடிப்பான், போகப்போகத்தான் வேகம் வரும். பாணதீர்த்தத்தில் தொடங்கி ஆத்தூரில் முடித்தால், முதல் நாளே அருவியில் தள்ளிவிட்டுக் கடைசியில் வாழைத்தோட்டத்தில் உட்காரவைத்த மாதிரி ஆகும். ஆகவே எதிர்த்துப் போவதென்று முடிவு செய்தேன். கழிமுகத்தில் தொடங்கி மலைக்கு ஏறுவது. இதைத் தீர்மானித்த பிறகு மீதியெல்லாம் தானாகவே இடத்தில் உட்கார்ந்தது.

கடலோரத்திலிருந்து மலைக்கு ஒருத்தி எதைக் கொண்டுபோவாள்? உப்பைத்தான். நான் பயன்படுத்துவது தமிழ்99 விசைப்பலகை. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. விரல்கள் ஓய்வெடுக்கும் நடு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. இந்த நடு வரிசையை விட்டு விரல் நகராமல் என்னென்ன அடிக்கலாம் என்று பட்டியல் போட்டேன். தம்பி, கம்பு, நதி, பந்தி, மயக்கம், உதயம். பட்டியலில் ‘உப்பு’ வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். உ, ப, ப, உ. இடது, வலது, வலது, இடது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழுந்துவிடும் என்பதால் புள்ளி விசையைத் தொடவே வேண்டாம். இதைவிடச் சுலபமான சொல்லை முதல் பாடத்துக்குத் தேடிப் பிடிக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. மெய்யை வலக்கை அடிக்கும், உயிரை இடக்கை அடிக்கும் என்பதால் தமிழ்99-ல் கைகள் மாறி மாறித்தான் போகும். அது நடையின் தாளம். வேகமாக அடிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டால் தெரியும். பந்தயக் காருக்கு இது பொருந்தாது. தலையில் மூட்டையோடு நடக்கிற பெண்ணுக்குப் பொருந்தும். திரையில் அவள் இடது கால் உயிருக்கும் வலது கால் மெய்க்கும் எழும்புகிறது. யாரும் இதைக் கவனிப்பதில்லை, ஆனால் எடுத்துவிட்டால் ஏதோ குறைகிறது என்கிறார்கள்.

காலம் 1840 வாக்கில். ஏன் என்றால் பாலம். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் சேர்க்கிற சுலோச்சன முதலியார் பாலம் 1843-ல்தான் திறக்கப்பட்டது, அதுவும் அவர் சொந்தப் பணத்தைப் போட்டு. அதற்கு முன்னால் ஆற்றைத் தாண்ட ஓடம்தான் கதி. பாலம் இருந்தால் நடந்து போய்விடலாம், விளையாட்டில் என்ன இருக்கிறது? இன்னொரு காரணம், சென்னை மாகாணத்தில் உப்பை 1805-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாக ஆக்கிக்கொண்டது. ஆகவே இவள் தலையில் இருப்பது வெறும் சுமையல்ல, கள்ள உப்பு. ஓடத்துறைக்குக் கொக்கிரகுளத்தைத் தேர்ந்தெடுத்தது என் குறும்பு. இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம் அது.

காலத்தை இப்படி வைத்ததில் ஒரு லாபமும் கிடைத்தது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கீழிருந்து மேலாகச் சொன்னால் ஸ்ரீவைகுண்டம், மருதூர், சுத்தமல்லி, பழவூர், அரியநாயகிபுரம், கன்னடியன், நதியுண்ணி, கோடைமேலழகியான். ஒவ்வொன்றும் ஒரு வாசல், அதன் பெயரை அடித்தால்தான் மேலே போக முடியும் என்று வைத்திருந்தேன். சிக்கல் முதல் வாசலிலேயே. ‘ஸ்ரீ’ ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டிய கிரந்த எழுத்து. நேற்றுத்தான் ‘உப்பு’ கற்ற பிள்ளையிடம் இதைக் கேட்கவா? ஆனால் எட்டில் மற்ற ஏழும் பழைய மன்னர்கள் காலத்தவை. ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் வெள்ளைக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. 1840-ல் அது கிடையாது! ஆகவே புன்னைக்காயலிலிருந்து ஏரல், ஸ்ரீவைகுண்டம் தாண்டி மருதூர் வரைக்கும் தடையே இல்லாத நடை. புதிதாகக் கற்பவருக்கு அதுதான் தேவை. வரலாறு இப்படி எப்போதாவதுதான் நம் பக்கம் சாயும்.

புன்னைக்காயலில் தொடங்குவதில் எனக்கு ரகசியமாக இன்னொரு சந்தோஷம். தமிழ் எழுத்து அச்சில் ஏறிய முதல் புத்தகங்களில் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் அச்சானது. அதை ஆக்கிய போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் வாழ்ந்து உழைத்தது இந்த முத்துக்குளித்துறைக் கரையில், புன்னைக்காயலில். தமிழ் எழுத்தைத் தனித்தனி உலோகத் துண்டாக்கியவர்களின் ஊரில் தமிழ் எழுத்தைத் தனித்தனி விசையாக்கும் விளையாட்டைத் தொடங்காமல் வேறெங்கே தொடங்குவது? விளையாட்டில் இதைச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தால் ஓடிவிடுவார்கள்.

உப்புக் கணக்குக்கு வருகிறேன். என் மனதுக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. வழக்கமாகத் தட்டச்சு விளையாட்டில் நேரம்தான் எதிரி. நான் நேரத்தை எடுத்துவிட்டேன். மூட்டையில் ஒரு பதக்கு உப்பு. பதக்கு என்பது 2 குறுணி, குறுணி 8 நாழி, நாழி 2 உரி, உரி 2 உழக்கு, உழக்கு 2 ஆழாக்கு. பெருக்கிப் பாருங்கள்: ஒரு பதக்குக்கு 128 ஆழாக்கு. எல்லாம் இரண்டிரண்டாகப் பெருகும் கணக்கு. கணினிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு பிழைக்கு ஓர் ஆழாக்கு சிந்தும். எவ்வளவு மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, மலையில் காத்திருக்கிற காணிக்காரப் பழங்குடிகளிடம் எவ்வளவு உப்பைக் கொண்டுசேர்த்தாய் என்பதுதான் மதிப்பெண். தட்டச்சுப் பயிலகத்தில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே வேகத்தைவிடத் துல்லியம் முதலில் என்று சொல்லித்தான் உட்காரவைப்பார்கள். கணினி வந்து, பின்னழிப்பு விசை வந்து, அந்த ஒழுக்கம் போயிற்று. பிழையை அழித்துக்கொள்ளலாம், ஆனால் சிந்திய உப்பைத் திரும்ப அள்ள முடியாது.

எது பிழை என்று தீர்மானிப்பதில்தான் மண்டை காய்ந்தது. ஆங்கிலத்தில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து. திரையில் இருப்பதும் அடித்ததும் ஒன்றா என்று பார்த்தால் போதும். தமிழில் ‘உப்பு’ என்ற சொல்லுக்கு உ, ப அடித்தவுடன் திரையில் ‘உப’ என்று நிற்கும். இலக்கில் இரண்டாவது எழுத்து ‘ப்’. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் பிழை என்று சொல்லிவிடும், பிள்ளை சரியாகத்தான் அடித்திருக்கிறது. அடுத்த ‘ப’ விழுந்த பிறகுதான் புள்ளி வரும். சரி, எழுத்தை விட்டுவிட்டு விசை வரிசையை ஒப்பிடலாமா? அதுவும் ஒன்றல்ல. சிலர் தானியங்கிப் புள்ளியை நம்பாமல் உ, ப, புள்ளி, ப, உ என்று ஐந்து விசையில் அடிப்பார்கள். அதுவும் சரிதான். கடைசியில் நான் கேட்கும் கேள்வியை மாற்றினேன்: இப்போது நிற்கும் இடத்திலிருந்து இலக்குக்குப் போக ஏதாவது ஒரு வழி இருக்கிறதா? இருந்தால் பிழையில்லை. எல்லா வழியும் அடைபட்டால் ஆழாக்கு சிந்தும். ஆற்றுக்குப் பொருத்தமான கேள்வி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதே தானியங்கிப் புள்ளிதான் மேலே போகப்போகப் பொறியாகவும் மாறுகிறது. ‘ததும்பு’ என்று அடிக்க வேண்டும். த, த, உ என்று அடித்தால் ‘த்து’ ஆகிவிடும். இரண்டு த-வுக்கும் நடுவில் அ-வை அடித்துப் புள்ளியைத் தடுக்க வேண்டும். சொல் முழுவதும் நடு வரிசையில்தான், ஆனால் அனுபவப்பட்டவர்களே சிந்துவார்கள். அதனால் ஆறு ததும்புகிற இடத்தில்தான் ‘ததும்பு’ வரும், குறுக்குத்துறையில். வெள்ளம் வந்தால் அங்கே முருகன் கோயிலையே மூடிக்கொண்டு தண்ணீர் போகும்.

வேகத்தைக் காட்டாமல் இருக்க முடியவில்லை, பெரியவர்கள் கேட்கிறார்கள். ஆனால் எதை எண்ணுவது? ஆங்கிலத் தட்டச்சில் ஐந்து தட்டு ஒரு சொல். ‘திருநெல்வேலி’ நம் கண்ணுக்கு 6 எழுத்து; யூனிகோடில் 12 குறிகள்; விசையும் 12. ‘சுத்தமல்லி’யும் 6 எழுத்துதான், குறிகள் 10, ஆனால் இரண்டு தானியங்கிப் புள்ளியால் விசை 8 போதும். குறியை எண்ணினால் சுத்தமல்லிக்காரருக்கு இலவசமாக வேகம் கிடைக்கும், விசையை எண்ணினால் புள்ளியைக் கையால் போடுகிறவர் வேகமானவர் ஆகிவிடுவார். நான் எழுத்தை எண்ணினேன். தமிழ் படித்த எவருக்கும் எழுத்து என்றால் எதுவென்று தெரியும், கணினிக்குத்தான் தெரியாது. (‘பொ’ என்பதன் ஒகரக் குறி ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கப்படலாம். இரண்டும் கண்ணுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும், இல்லையென்றால் பொதிகை மலையேறவே முடியாது.)

பழைய தட்டச்சுப்பொறியில் தமிழ் ஹையர் முடித்து அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த என் மதினியிடம் ஆடக் கொடுத்தேன். அவர் விரல்கள் போகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். மருதூர் வருவதற்குள் உப்பு பாதி காலி.

“கொம்பை முதல்ல போட்டுத்தான் தம்பி எனக்குப் பழக்கம். நீங்க எழுத்தைப் போட்டுட்டுக் கொம்பைப் போடச் சொல்லுதீங்க. கை கேக்க மாட்டேங்கி.”

தட்டச்சுப்பொறி கண்ணில் தெரிகிற வரிசையில் போகும்: ‘பெ’ என்றால் கொம்பு, அப்புறம் ப. தமிழ்99 ஒலிக்கிற வரிசையில் போகும்: ப, அப்புறம் எ. மதினிக்காகப் பழைய தட்டச்சு முறையையும் சேர்த்தேன். வழி இருக்கிறதா என்று கேட்கும் நிரல் அதையும் தாங்கியது. ஆனால் ‘உப்பு’ சுலபம் என்பது தமிழ்99 கைக்குத்தான். தட்டச்சுப்பொறிக் கைக்குச் சுலபமான சொற்கள் வேறு, அவருக்கு ஏறுகிற சரிவும் வேறு. அவருக்காகச் சொற்களை மறுபடி அடுக்க வேண்டும், இன்னும் அடுக்கவில்லை. அவர் அதுவரை சிந்திக்கொண்டே மலையேறுகிறார், கோபத்தோடு.

ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுகிற முறையையும் சேர்க்கச் சொன்னார்கள். சேர்க்க மாட்டேன். செய்தி அனுப்ப அது போதும், நானும் போனில் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அதில் விரல் கற்றுக்கொள்வது ஆங்கில விசைப்பலகையைத்தான். அதற்கு இவ்வளவு உப்பைச் சுமக்க வேண்டியதில்லை.

பயணத்தில் பேச்சு வேண்டும். வண்டிக்காரர், ஓடக்காரர், பத்தமடையில் கோரைப் பாய் பின்னுகிறவர் எல்லாரும் அவளிடம் கேள்வி கேட்பார்கள். பதிலை அடிக்க வேண்டும். ஓடக்காரர் “என்ன தாயி மூட்டையில?” என்று கேட்டால் மூன்று பதில்கள் திரையில் வரும், எதை அடிக்கிறாயோ அதுதான் அவள் சொன்னது. ‘கம்பு’ என்று பொய் சொல்லலாம், சுலபமான சொல். உண்மையைச் சொல்வதென்றால் நீளமாக அடிக்க வேண்டும். எல்லாரும் பொய்யைத்தான் அடிக்கிறார்கள். அப்படி நடக்கும் என்று தெரிந்தேதான் வைத்தேன்.

இந்தப் பேச்சை நெல்லை வழக்கில் எழுதியதற்கு ஒரு தமிழாசிரியை ஆட்சேபித்தார். ‘வருதியா’, ‘சொல்லுதேன்’ என்றெல்லாம் அடித்துப் பழகினால் பரீட்சையில் அப்படியே எழுதிவைக்கும் என்றார். அவர் பயம் நியாயமானது. கதை சொல்கிற குரல் எழுத்துத் தமிழில்தான் இருக்கிறது, மனிதர்கள் பேசுவதுதான் வழக்கில். ஆனால் பாளையங்கோட்டை ஓடத்துறையில் ஓடக்காரர் ‘நீ எங்கே செல்கிறாய்’ என்று கேட்டால் நானே மூட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

கடினநிலை, சுலபநிலை என்ற தேர்வுக்குப் பதிலாக இரண்டு நெல் பருவங்கள்: கார், பிசானம். கார் என்றால் ஆனி, ஆடி. தென்மேற்குப் பருவமழை மலையில்தான் கொட்டும், சமவெளியில் சொட்டு விழாது, ஆறு மட்டும் ஏறும். மேல்காற்று முகத்தில் அறையும். காற்று வீசும்போது சொற்கள் திரையில் கிழக்கே நகர்ந்து ஓடும், கண் சொல்லைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விசையைப் பார்க்கக் குனிந்தால் தொலைந்தது. பிசானம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. காற்று இல்லை, ஆனால் பச்சையாறு, கடனாநதி, சிற்றாறு எல்லாம் பக்கத்திலிருந்து வந்து விழும். அடித்துக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவில் புதிய சொல் வந்து செருகிக்கொள்ளும். இரவில் திரையில் இருக்கும் விசைப்பலகைப் படம் மங்கும். விளக்கெண்ணெய் இருந்தால் கொஞ்ச நேரம் தெரியும், அமாவாசைக்குச் சுத்தமாகத் தெரியாது.

வெள்ளத்தை ஒரு கட்டமாக வைக்கலாமே என்றார்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான் இதை ஆடப்போகிறார்கள். தண்ணீர் ஏறுகிறது, சீக்கிரம் அடி என்று அவர்களிடம் என்னால் சொல்ல முடியாது. பிசானத்தில் வெள்ளம் வந்தால் அவள் மேட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள், வடிகிற வரை நாமும் சும்மா இருக்க வேண்டும். அடிக்க ஒன்றும் இருக்காது.

பாபநாசத்துக்கு மேலே நான் வரைந்தது பாதி கற்பனை. இன்றைக்கு அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், நினைத்தபடி நடந்து போக முடியாது. பாணதீர்த்தத்துக்குக் கீழே இன்றைக்கு விரிந்து கிடக்கும் காரையாறு அணை நீர் 1940-களில் வந்தது, இவள் காலத்தில் அது காட்டாறு. கடைசி வாசலான கோடைமேலழகியான் மட்டும் உண்மையிலேயே தன் பெயரால் பயமுறுத்தும். 8 எழுத்து, 14 விசை, மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை எல்லாம் ஒரு சுற்று. நடுவில் ‘ழ’, வலது சுண்டுவிரல் கீழே மடங்கிப் பிடிக்க வேண்டிய மூலையில். இந்த ஒரு பெயரைப் பார்க்காமல் சிந்தாமல் அடிக்கிறவருக்குத் தமிழ்99 வந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

காணிக்காரர்களிடம் உப்பை அளந்து போட்டதும் ‘முற்றும்’ என்று போட்டிருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கிற என் மருமகள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அவ்வளவுதானா மாமா? அந்த அக்கா வீட்டுக்குத் திரும்பி வரண்டாமா?”

வர வேண்டும்தான். இறக்கத்தில், ஆற்றோடு, தலையில் சுமை இல்லாமல். சிந்துவதற்கு உப்பு இல்லை என்பதால் பிழைக்கு அபராதம் இல்லை. ஏறும்போது எடுத்துவைத்திருந்த கடிகாரத்தைத் திரும்பும்போது கொடுத்துவிடலாம், வேகப் பயிற்சி முழுவதும் அங்கே. ஏறுகிற வழியில் வாசலாக நின்ற ஏழு பெயர்களும் இறங்கும்போது ஓடுகிற ஓட்டத்திலேயே அடித்துத் தாண்ட வேண்டியவை. ஓடக்காரரும் மறுபடி வருவார், இந்த முறை மூட்டையில் என்ன என்று கேட்க மாட்டார். திருநெல்வேலி வரை எழுதிவிட்டேன். சீவலப்பேரியில் சிற்றாறு வந்து சேருகிற இடத்தில் இரண்டு வாக்கியங்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, எதை முதலில் அடிப்பது என்பதை ஆடுகிறவரிடமே விடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மருமகள் இரண்டையும் கலந்து அடிக்கிறாள், அது சரியா பிழையா என்று நிரலுக்கு இன்னும் சொல்லவில்லை.